பெரியப்பாவின் வலது கை

வல்லக்கோட்டை முருகன் கயிற்றை அறுத்தவள் நான்தான். அதற்காக இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டில்தான் பெரியப்பா இருந்தார். அறுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காப்பீட்டு அட்டை இருந்தால் எல்லாம் இலவசம் என்பார்கள். ஆட்டோவும் ஊசி மருந்தும், அவரைக் கூட்டிப்போவதற்காகக் கம்பெனியில் அம்மா விட்ட ஓ.டி. சம்பளமும் எந்த அட்டையில் வரும்?

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை வெட்டி இணைத்தார்கள். அது அடைத்துக்கொண்டது. வயதானவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். பிறகு வலது மணிக்கட்டில் செய்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் கிர்ரென்று அதிரும். அதிர்வு நின்றால் ஆபத்து. தினமும் தொட்டுப் பார்ப்பது என் வேலை.

"இன்னாடி, மோட்டார் ஓடுதா?"

"ஓடுது பெரிப்பா."

"அப்போ இன்னிக்கும் நமக்கு ஷிப்டு கீது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலத்து அத்தை கோயில் கயிற்றோடு வந்தாள். அப்பா கறி வாங்கப் போயிருந்தார், அம்மா அடுப்படியில் இருந்தாள். ஆம்பளைக்கு வலது கையில்தான் கட்டவேண்டும் என்று பெரியப்பாவின் மணிக்கட்டில் அத்தை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டேன். அதிர்வு இல்லை.

"ஒண்ணுமில்ல, போயி வெளாடு" என்று பெரியப்பா கையை இழுத்துக்கொண்டார்.

நான் கத்திரிக்கோலோடு வந்து, கையைப் பிடித்து இழுத்து அறுத்துவிட்டேன். அத்தை என் கன்னத்தில் ஒன்று விட்டாள்.

"சாமி கயித்த அறுத்துட்டியேடி பாவி! அண்ணனுக்கு எதுனா ஆச்சின்னா?"

"மோட்டார் நின்னுபோச்சி! மொதல்ல கைய வச்சிப் பாரு!" நானும் கத்தினேன்.

அம்மா ஓடிவந்து தொட்டுப் பார்த்தாள். அடுப்பை அணைக்காமலே ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது லேசாக அதிர்வு திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இந்தக் கையும் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அத்தைக்கு எதுவும் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியும். அந்தக் கையில் கடிகாரம்கூடக் கட்டக்கூடாது என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தார்கள். இருந்தும் அத்தை முடிச்சுப் போடும்போது, "இன்னும் இறுக்கிக் கட்டும்மா" என்றது அவர்தான். முந்தின நாள்தான் அவர் வைத்தியத்துக்காக அப்பா பைக்கை விற்றிருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வயதில்லை எனக்கு.

பார்த்திருந்தாலும் அறுத்திருப்பேன்.