தயானியின் வெள்ளிக்கிழமைப் பக்தி

பெரகல சந்திக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தயானியைப் போல பக்தி உள்ளவள் கிடையாது என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். மாதம் ஒரு வெள்ளி பஸ் ஏறிப் பதுளை முருகன் கோயிலுக்குப் போய்வருகிறவளை வேறென்ன சொல்வது? அவள் முதலில் போவது பாலியல் நோய் கிளினிக்குக்கு என்பதும், தன்னிடம் வருவது மிச்ச நேரத்தில் என்பதும் முருகனுக்கு மட்டும் தெரியும். அவரும் வாயைத் திறக்கவில்லை.

பண்டாரவளையில் துணிக்கடை வேலை என்று லயத்துக்குச் சொல்லியிருந்தாள். உண்மையில் பணத்துக்கு ஆண்களோடு போகிறாள். புருஷன் விட்டுப் போனபின், கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் மகளைப் படிக்கவைக்க முடியாமல் எடுத்த முடிவு. தொழிலில் மகா கறார். ஆணுறை வேண்டாம் என்கிறவனுக்குக் கதவைக் காட்டிவிடுவாள். அப்படியும் ஒருவன் ஏமாற்றிவிட்டான். இரத்தப் பரிசோதனையில் மேகநோய் என்று வந்தது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி, இடையில் விட்டால் முதலிலிருந்து போட வேண்டிவரும் என்றார்கள்.

ஆக, பக்தி வாராவாரம் ஆனது. ஊசியோ இடுப்புக்குக் கீழே போடுகிற ஊசி, கல்லை வைத்துத் தைத்தது போல வலிக்கும். நொண்டிக்கொண்டு வந்து இறங்கியவளைப் பார்த்த லயத்துப் பெண்கள், கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்திருக்கிறாள் என்று தாங்களே முடிவு கட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தயானி மறுக்கவில்லை. சும்மா கிடைக்கிற புண்ணியத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

வினை மூன்றாம் வெள்ளியன்று வந்தது. பக்கத்துக் காம்பராவில், ஒரு சுவர் தள்ளிக் குடியிருக்கும் இராக்கம்மா தேங்காயும் பூவுமாக வந்து, தானும் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாள். மாரியம்மன் திருவிழாவில் பெண்களுக்கெல்லாம் தலைவி அவள். அவள் வாயில் விழுந்தால் அந்த லயத்தில் குடியிருக்க முடியாது. மகளாலும் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர முடியாது. போகாவிட்டால் ஊசி போய்விடும். வேறு வழியில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வழி நெடுக இராக்கம்மா தயானியின் பக்தியைப் புகழ, கேட்கக் கேட்க அவளுக்கு வியர்த்தது.

பதுளையில் இராக்கம்மாவைக் கோயிலில் உட்காரவைத்து, கற்பூரம் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு கிளினிக்குக்கு ஓடினாள். ஊசி போட்டுக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தால், வாசல் பெஞ்சில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு இராக்கம்மா.

கற்பூரக் கடை இந்தப் பக்கம்தான் என்று தயானி எதையோ உளறினாள்.

"கோயில்ல உருண்டவளுக்கு ஒடம்பெல்லாம் வலிக்கும்," என்றாள் இராக்கம்மா. "ஒரு பக்கமா நொண்ட மாட்டா. நான் நாலு வருஷம் உருண்டவ புள்ள. நீ எங்க போறேன்னு பாக்கத்தான் பின்னாலயே வந்தேன்."

தயானி அவள் காலில் விழுவதா, ஓடுவதா என்று தெரியாமல் நின்றாள். என்ன இடம் இது என்று கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் கைவசம் இல்லை. ஆனால் இராக்கம்மா அதைக் கேட்கவில்லை. வாசல் போர்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க வீட்டு மனுஷன் கொழும்புலருந்து வந்துட்டுப் போனதுலருந்து எனக்கு எரிச்சலும் புண்ணுமா இருக்கு. தோட்டத்து ஆஸ்பத்திரில சொன்னா பொழுது சாயுறதுக்குள்ள மலை பூரா தெரிஞ்சிரும். உள்ள திட்டுவாங்களா?"

"திட்ட மாட்டாங்கக்கா."

"லயத்துல சொல்லிராத, தாயி."

தான் கெஞ்ச நினைத்திருந்த வார்த்தைகளே அவள் வாயிலிருந்து வந்தன. இத்தனை வருஷம் இவளுக்குப் பயந்தோமே என்று தயானிக்கு வெட்கமாக இருந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அறைக்குள் இருந்த நர்ஸுக்குச் சிங்களம்தான் தெரியும். எல்லாவற்றையும் தயானியே சிங்களத்தில் நிதானமாகச் சொன்னாள். நர்ஸ் கேட்டுக்கொண்டு, இவள் உங்களுக்கு யார் என்று இராக்கம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

தயானி தமிழில் சொல்வதற்கு இராக்கம்மா காத்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் இரண்டை எடுத்து, "மகே நங்கி," என்றாள். என் தங்கச்சி.