மணல்மேட்டில் ஒரு மெழுகுவத்தி

டாலஸிலிருந்து சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வேன் எடுத்துக்கொண்டு, மேற்கு டெக்சாஸ் பாலைவனத்தில் ஒரு சின்ன ஊரைச் சுற்றிப்பார்க்கப் போயிருந்தோம். பக்கத்து சீட்டில் ஓர் ஆன்ட்டி. மகனைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். பருத்திப் புடவை, வெள்ளை ஷூ. மடியிலிருந்த கைப்பையை ஐந்து நிமிடத்துக்கொரு முறை திறந்து பார்ப்பார். ஊர் முனையில் நின்ற ராட்சதப் பறவைச் சிலையை எல்லோரும் படமெடுத்தபோதும் அவர் பார்த்தது பையைத்தான்.

கடைசியாக மணல்மேடு. பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சறுக்க வேண்டும். வழுக்குவதற்காகத் தட்டின் அடியில் தேய்க்கும் மெழுகு தீர்ந்துபோயிருந்தது. என் மகளின் தட்டு நகரவே இல்லை. "இட்ஸ் ஸ்டக், அம்மா!" என்று அழுதாள்.

ஆன்ட்டி பையிலிருந்து சாண் நீள மெழுகுவத்தியை எடுத்துத் தட்டில் தேய்த்தார்.

"ஏது ஆன்ட்டி இது?"

"வேளாங்கண்ணியில வாங்குனது. மவனுக்கு கிரீன் கார்டு வந்தா மாதாவுக்கு ஏத்தணும். வெயில்ல உருகிருமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

"அதைப் போய் தேய்க்கிறீங்களே!"

"பிள்ள அழுவுதுல்லா?"

மகள் அம்பாகப் பாய்ந்தாள். எல்லாத் தட்டுக்கும் தேய்த்துவிட்டுக் கடைசித் தட்டில் ஆன்ட்டியே ஏறினார். "மாதாவே!" என்று கூவிக்கொண்டே சறுக்கி, கீழே மணலில் புரண்டு சிரித்தார்.

மிஞ்சியது விரல்நுனி அளவுதான். "இது போதுமா ஆன்ட்டி?" என்றேன்.

"போதும். நன்றியச் சுருக்கமாச் சொல்லிக்கிடுதேன்."

கார்டு வந்ததா, தெரியாது. திரும்பும் வழியில் அவர் பையை ஒருமுறைகூடத் திறக்கவில்லை.