எனக்காக அவர் சொன்ன பதில்

மளிகைக் கடை வரிசையில் நிற்கும்போதுதான் முதலில் வந்தது. நெஞ்சு படபடத்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அமெரிக்காவில், பிளானோவுக்கு வந்த புதிது. மகளுக்கு இரண்டு வயது.

இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது (அரித்மியா) என்றார் மருத்துவர். பீட்டா பிளாக்கர் (துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்து) கொடுத்தார். படபடப்பு அடங்கியது, தூக்கம் போனது. கண்ணை மூடினால் குழந்தை தண்ணீரில் மூழ்கும் கனவு. பகலிலோ தலைக்குள் பஞ்சை அடைத்தது போல ஒரு மந்தம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தேன். ஃப்ரீவேயில் இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டு, எங்கே வந்தோம் என்றே தெரியாமல் காரை ஓரங்கட்டி அழுதேன்.

அடுத்த முறை போனபோது தூக்கம் எப்படி என்று மருத்துவர் என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது என் கணவர். "ஷீ இஸ் ஸ்லீப்பிங் ஃபைன், டாக்டர்." நான் எம்.எஸ்சி. படித்தவள். ஆனாலும் பேங்க், ஆபீஸ், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் அவர்தான் பேசுவார். எங்கள் வீட்டு வழக்கம் அது.

காரில் கேட்டேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"மென்டல்னு ரெக்கார்ட்ல எழுதிட்டா? கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கு. சும்மா இரு."

எங்களோடு தங்கியிருந்த மாமியார் ஈரோட்டுக்குத் திரும்பும்போது மகளையும் கூட்டிப் போனார். "பால் பொங்கறதுகூடத் தெரியல உனக்கு. கொழந்தைய எப்படி நம்பி விடறது?" என்றார். கணவர் தலையாட்டினார்.

அதன்பின் ஒருமுறை, மருத்துவரைப் பார்க்கவேண்டிய நாளில் அவருக்கு மீட்டிங். பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டி என்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார். மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார். அத்தனையையும் கொட்டினேன்.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றார். இந்த மருந்து மூளைக்குள்ளும் போகும், சிலருக்குக் கனவும் மறதியும் வரலாம் என்றார். மூளைக்குள் குறைவாகப் போகும் வேறொன்றுக்கு மாற்றினார். சில வாரங்களில் நன்றாகத் தூங்கினேன். அடப்பாவிகளா, ஒரு மாத்திரையை மாற்றியிருந்தால் போதுமே! அதற்கா என் பிள்ளையைப் பிளேன் ஏற்றினீர்கள்?

நீங்களும் இந்த மருந்து எடுப்பவரானால், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. ஆனால் தூங்கவில்லை என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள்.

மகளை அழைத்துவரக் கணவர் ஊருக்குப் போய்வர, அடுத்த கோடை வந்துவிட்டது. ஏர்போர்ட்டில் மகள் அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "அம்மாகிட்டப் போ சாமி," என்றார். எட்டிப் பார்த்து, "ஹாய் ஆன்ட்டி" என்றாள்.

"சின்னக் கொழந்ததானே, பழகிடுவா" என்று அதற்கும் அவரே பதில் சொன்னார்.

காரில் என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு துடிப்பும் தப்பவில்லை. அவள் பேசக் கற்றுக்கொண்ட மாதங்கள்தான் என்னிடம் இல்லை.