மூதூர் ராத்தாவின் இரத்தம்

எலும்பை அடையாளம் காண இரத்த மாதிரி கொடுப்பவர், இறந்தவரின் தாய்வழி உறவினர் என்பதைக் கிராம சேவையாளர் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இது விதி. நல்ல விதிதான். பழைய எலும்பில் பெரும்பாலும் மைட்டோகொண்ட்ரியா டிஎன்ஏ மட்டுமே உருப்படியாகக் கிடைக்கும். அது தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது. தகப்பனின் இரத்தம் அதற்கு உதவாது. ஆனால் எங்கள் பதிவேடுகள் எல்லாம் தகப்பன் வழியே போகின்றன. விதியை எழுதியவர் அதைக் கவனிக்கவில்லை.

யுத்த காலத்தில் திருகோணமலையில் ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். இறக்கக்கண்டிப் பக்கம் மணலுக்குள் எலும்புகள் கிடைத்ததும் உப்புவெளிப் பஸ்தியான் வந்து நின்றார். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர், படகு எஞ்சின் திருத்துபவர். அவருடைய ஒரே மகன் வலை வாங்கப் போய்த் திரும்பாதவன்.

"அவன்தானெண்டாத் தாய்க்குப் பக்கத்தில அடக்கம் செய்வன். இல்லையெண்டாத் தேடுவன். ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ ஐயா."

தாய் உயிரோடு இல்லை. தாயின் அக்கா மைமூன் ராத்தா மூதூரில் இருந்தார். தங்கை பறங்கியரைக் கட்டி மேரியான நாளிலிருந்து இரு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. மூதூர்ப் பதிவில் ஜமீலா என்றொரு தங்கை உண்டு. உப்புவெளிப் பதிவில் மேரி என்றொரு மனைவி உண்டு. இருவரும் ஒருவரே என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எனவே கிராம சேவையாளர் அத்தாட்சி தர மறுத்தார். உறவை நிரூபிக்க இரத்தப் பரிசோதனை செய்யலாமே என்று ஆலோசனையும் சொன்னார்.

ராத்தா லாஞ்ச் ஏறிக் கடல் கடந்து, இறங்குதுறையில் இராணுவச் சோதனை முடித்து, நேரே ஆய்வுகூடத்துக்கு வந்தார். பஸ்தியான் கதிரையை விட்டு எழும்பினார்.

"வாங்கோ மச்சாள்."

"உங்களுக்காக வரல்ல. அவள்ர புள்ளைக்காக வந்த நான்," என்றவர் என் பக்கம் கையை நீட்டினார். "எடுங்க தம்பி."

"அத்தாட்சிக் கடிதம் இல்லாமல் ஏலாது அம்மா. நீங்கள் முஸ்லிம், பிள்ளை பறங்கி எண்டு பதிவு."

"ஒரு உம்மா பெத்த ரெண்டு பொம்புளைகள் நாங்க. அதுக்குள்ள பறங்கி எங்கால வந்தான்?"

பஸ்தியானுக்கே சிரிப்பு வந்தது. ராத்தாவுக்கு வரவில்லை.

எங்கள் டொக்டர் எட்டிப் பார்த்தார். "சிவபாதம், மேலிடத்துக்கு அனுமதி கேட்டு எழுதும்."

"ஓம் சேர். பதில் வருமட்டும்?"

"இரத்தத்தை எடும். காத்திருக்கச் சொல்லி விதி இருக்கோ?"

இல்லை. எனக்கு எல்லா விதியும் தெரியும். எடுத்தேன்.

கொழும்பிலிருந்து அறிக்கை வந்தது: பொருந்துகிறது. 'இனம்' என்று கேட்டிருந்த கூட்டில், இந்தத் தாய்வழி மரபு நாட்டின் எல்லாச் சமூகங்களிலும் காணப்படுவதால் எதுவும் சொல்வதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கூட்டை அவ்வளவு சரியாக நிரப்பி நான் வேறெங்கும் கண்டதில்லை.

மகனை அடக்கம் செய்த அன்றுதான் ராத்தா தங்கையின் கல்லறையை முதன்முதலாகப் பார்த்தார்.

"மேரி எண்டு மட்டுமா வெட்டியிருக்கு?"

"ஓம் மச்சாள்."

"மத்தப் பேரையும் போடுங்க."

இப்போது வேலைக்கு வருபவர்களுக்கு என் புத்திமதி இதுதான்: அனுமதி கேட்டுக் கட்டாயம் எழுதுங்கள். எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள். உறவு அத்தாட்சிப்படுத்தப்படாமையால் மைமூனிடம் மாதிரி எடுக்க அனுமதிக்க முடியாது என்ற பதில், கல்லில் ஜமீலாவும் ஏறி, மகனின் ஆண்டுப் பூசையும் முடிந்த பிறகு, நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது.