குரங்கு வந்த நாளில் வந்த இங்கிலீஷ்

துரை இருந்தார். துரைசானி இருந்தார். பட்லர் அண்ணாச்சி இருந்தார். நான் இருந்தேன். பிறகு ஒரு குரங்கும் வந்தது.

குற்றாலத்தில் சாரல் காலம். பங்களாவில் எனக்கு முதல் நாள் வேலை. இங்கிலீஷ் தெரியும் என்று பொய் சொல்லித்தான் சேர்ந்திருந்தேன். தெரிந்தது ‘எஸ்’ ஒன்றுதான்.

“ஏலே, எதைக் கேட்டாலும் எஸ்ஸுங்கியே! துரைக்குச் சந்தேகம் வந்துட்டு. சாயங்காலம் நீ வீட்டுக்கு நடைய கட்ட வேண்டியதுதான்” என்றார் அண்ணாச்சி.

அந்நேரம் ஜன்னல் வழியே வந்த குரங்கு துரையின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிவிட்டது. கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கண் தெரியாது. துரைசானிதான் இடம் சொல்லிக் கத்தினார். கட்டிலடியில் குரங்கு புகுந்ததும் “அண்டர்! அண்டர்!” அலமாரி மேல் ஏறியதும் “ஆன்!” கதவுக்குப் பின்னால் ஒளிந்ததும் “பிஹைண்ட்!” துரை சுவரில் முட்டிக்கொண்டார்.

பழத்தைக் காட்டினால் எங்கள் ஊர்க் குரங்கு கையில் இருப்பதைப் போட்டுவிடும். ஓடிப்போய் வாழைப்பழம் எடுத்து வந்தேன். குரங்கைக் காணவில்லை. “அண்டர்!” என்றார் துரைசானி. நேரே கட்டிலடியில் குனிந்து பழத்தை நீட்டினேன். கண்ணாடி கிடைத்தது.

துரை முதுகில் தட்டினார். எனக்குப் பொய் உறுத்தியது.

“அண்ணாச்சி, காலையில எனக்கு ஒத்த வார்த்தைதான் தெரியும், இப்பம் நாலு தெரியும்னு துரைகிட்டச் சொல்லிருங்க.”

“வேலை போயிரும்லே!”

“போனாப் போகட்டும்.”

அண்ணாச்சி பயந்துகொண்டே சொன்னார். துரை கண்ணாடியை மாட்டி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நான்கு விரலைக் காட்டி, “ஃபோர்” என்றார்.

வேலை நிலைத்தது. தெரியாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த வார்த்தை வந்தது.

ஆக, ஐந்து.