மலைப் பாதையில் தொலைந்த கிலோமீட்டர்கள்

“என்னம்மா செல்வி, ஒங்க பொட்டி பொய் சொல்லுதா, எங்க டிரைவரு பொய் சொல்றாரா? ரெண்டுல ஒண்ணு சனிக்கெழமைக்குள்ள எனக்குத் தெரியணும்.”

ஒரு திங்கட்கிழமை காலை, தோளிலிருந்து பையை இறக்குவதற்கு முன்பே வந்த போன் இது. பேசியவர் கன்னிவாடி பஞ்சவர்ணம் அக்கா. ஐந்து மினி லாரிகளுக்கு முதலாளி. ஐந்திலும் எங்கள் கம்பெனியின் ஜி.பி.எஸ். பெட்டி மாட்டியிருந்தது. திண்டுக்கல்லில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் நான் அப்போது நாலாவது வருடத்தில் இருந்தேன். பெட்டி மாட்டுவது, ரிப்போர்ட் தப்பாக வந்தால் போய்ப் பார்ப்பது, திட்டு வாங்குவது, மூன்றும் என் வேலை. இன்று அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. புதிதாகச் சேருகிறவர்களிடம் மேனுவலைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஒரு வாரத்தின் கதையைச் சொல்லிவிடுவேன். அதையே இங்கே எழுதியும் வைக்கிறேன்.

பொய் சொல்வதாக அக்கா சந்தேகப்பட்ட டிரைவர், சவரிமுத்து அண்ணன். அட்டுவம்பட்டிக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். கூக்காலில் பூண்டும் முட்டைகோசும் கேரட்டும் ஏற்றி, பெருமாள்மலை பிரிவில் திரும்பி, பழனி மலைப்பாதை வழியாக இறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் போடுவார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் நம் பக்கம் மைலேஜ் என்போம். யாருக்கு மைலேஜ் அதிகமோ அவர் பெயரை அக்கா மாதாமாதம் டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பாராட்டுவார். பெட்டி மாட்டும் வரை அதில் சவரிமுத்து அண்ணன்தான் முதல் ஆள். வண்டி மீட்டர்படி லிட்டருக்கு ஒன்பது. பெட்டி மாட்டி மூன்று மாதத்தில் அவர்தான் கடைசி. ஜி.பி.எஸ். படி ஏழு.

“முன்னாடி மீட்டர்ல தில்லுமுல்லு பண்ணியிருக்காரு. இப்ப டீசலை உறிஞ்சுறாரு. குரூப்புலயே கேட்டுட்டேன், திருடுறீங்களாண்ணேன்னு. பதிலே இல்ல. சனிக்கெழம வண்டிச் சாவிய வாங்கிரப் போறேன்” என்றார் அக்கா.

எனக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். ஒன்பது எப்படி ஏழாகும் என்ற குறுகுறுப்புதான் வந்தது.

1. தூக்கத்தில் நடந்த வண்டி

இதற்கு முந்தைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டி மாட்டிய முதல் வாரத்திலேயே அக்காவிடமிருந்து ஒரு புகார். அட்டுவம்பட்டியில் ராத்திரி முழுக்க நின்ற வண்டி, விடிவதற்குள் மூன்று கிலோமீட்டர் ஓடியதாக ரிப்போர்ட். “வண்டிக்குத் தூக்கத்துல நடக்குற வியாதியா?” என்று கேட்டார்.

ஜி.பி.எஸ். வேலையில் இது பால பாடம். நின்ற வண்டியின் புள்ளி மேப்பில் ஒரே இடத்தில் நிற்காது. பத்தடி அங்கே, இருபதடி இங்கே என்று அல்லாடும். பக்கத்தில் மலைச்சரிவும் மரமும் இருந்தால் இன்னும் அதிகமாக அல்லாடும். மென்பொருள் அந்தத் தள்ளாட்டத்தை எல்லாம் கூட்டிக் கிலோமீட்டர் ஆக்கிவிடும். நான் சாவி ஆனா ஆஃபா என்று சொல்லும் சாவி ஒயரைப் பெட்டியோடு இணைத்து, மற்ற மலை வண்டிகளுக்குப் போடுகிற அதே விதியைப் போட்டேன்: சாவி ஆஃபில் இருந்தால் எந்த அசைவையும் எண்ணாதே. மறுநாளே வண்டி ஒழுங்காகத் தூங்கியது. அக்கா போனில் பாராட்டினார். நானும் மிதப்பில் இருந்தேன்.

2. கொண்டை ஊசியை வெட்டிய கோடு

மைலேஜ் புகாருக்கு முதல் பதில் சுலபமாகக் கிடைத்தது. எங்கள் பெட்டி நிமிடத்துக்கு ஒரு புள்ளி அனுப்பும். இரண்டு புள்ளிக்கு நடுவே மென்பொருள் நேர்கோடு போட்டு அளக்கும். ஒட்டன்சத்திரம் ரோட்டில் இது போதும். மலையில் ஒரு நிமிடத்துக்குள் லாரி ஒரு கொண்டை ஊசி வளைவைச் சுற்றி, முன்பு இருந்த இடத்துக்கு நேர் கீழே வந்துவிடும். முந்நூறு மீட்டர் ஓடியிருப்பான் மனுஷன், கோடு எண்பது மீட்டர் என்று சொல்லும்.

திங்கள் மதியமே திண்டுக்கல்லில் இருந்தபடி செட்டிங்கை மாற்றினேன். வண்டி திசை திரும்பும் போதெல்லாம் ஒரு புள்ளி. சவரிமுத்து அண்ணனை போனில் கூப்பிட்டு, காலையும் மாலையும் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

“எடுத்து அனுப்புறேன் மேடம். மீட்டரு என்ன சொல்லுதோ அதத்தான் நானும் சொல்றேன். கேக்கத்தான் ஆளில்ல” என்றார். குரல் கம்மியிருந்தது.

மீட்டரைவிட ஜி.பி.எஸ். ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது, செவ்வாய் இரவு அந்த வித்தியாசம் முப்பதாக இறங்கியது. என் மேனேஜர் இதையே பெரிய முன்னேற்றமாக எழுதி அக்காவுக்கு அனுப்பச் சொன்னார். மீதி முப்பது எங்கே போனது?

3. ஏறும்போது நாற்பது, இறங்கும்போது பன்னிரண்டு

நாங்கள் எல்லோரும் பார்ப்பது ஒரு நாளின் மொத்தத்தைத்தான். புதன்கிழமை அதை உடைத்துப் பார்த்தேன். பெருமாள்மலை பிரிவிலிருந்து அடிவாரம் வரை உள்ள துண்டை மட்டும் எடுத்தேன். ஏறும்போது ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். இறங்கும்போது பன்னிரண்டு.

அதே ரோடு, அதே வண்டி, அதே டிரைவர். ஏறுகிறவனுக்கு நீண்டும் இறங்குகிறவனுக்குச் சுருங்கியும் கொடுக்கிற ரோட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

மேப்பைப் பெரிதாக்கினேன். இறங்கும் பயணத்தில் நீண்ட நேர்கோடுகள், பள்ளத்தாக்கைக் குறுக்கே தாண்டி. இப்படிப்பட்ட கோடுகளை மலை வண்டிகள் பலவற்றில் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ‘மர நிழல், சிக்னல் இல்லை’ என்று எழுதி மூடிவிடுவேன். அன்று எழுதக் கை வரவில்லை. மர நிழல் என்றால் ஏறும்போதும் அதே மரம்தானே நிற்கிறது? சாவி ஒயர் இறக்கத்தின் குலுக்கலில் விட்டு விட்டுத் தொடுகிறதோ என்று தோன்றியது. வியாழக்கிழமை வண்டியிலேயே வருகிறேன் என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன்.

4. ‘நிறுத்தம்’

வெள்ளனே ஆறு மணிக்கு அட்டுவம்பட்டியில் டாஷ்போர்டைப் பிரித்து டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். ஒயர் எங்கும் ஆடாமல் இறுக்கமாக இருந்தது. கூக்கால் போனோம், முட்டைகோசு ஏற்றினோம், மதியம் திரும்பினோம். ஜி.பி.எஸ். பெட்டியை நான் பார்ப்பதை ஓரக்கண்ணால் அண்ணன் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெருமாள்மலை தாண்டித் தொடர் இறக்கம் வந்ததும் அவர் இடது கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. பிறகு சாவியைத் திருப்பியது. இன்ஜின் சத்தம் அடங்கிப்போய், காற்றும் டயரும் மட்டும் கேட்டன.

“அண்ணே, வண்டி ஆஃப் ஆயிருச்சு!”

“ஆகல மேடம், நாந்தான் ஆஃப் பண்ணேன். எறக்கந்தான, அதும்பாட்டுக்கு உருண்டு போகும். டீசலை எதுக்குக் கரியாக்கணும்?”

மடியில் போன். அதில் எங்கள் ஆப். ‘நிறுத்தம். இன்ஜின் ஆஃப். வேகம் 0’ என்று காட்டியது. சக்கரத்தோடு கேபிளில் சுற்றும் பழைய வண்டி மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே சவுக்கு மரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. நான் போனைப் பார்த்தேன், மரத்தைப் பார்த்தேன், மறுபடி போனைப் பார்த்தேன். சாவி ஆஃபில் இருந்தால் எண்ணாதே. என் விதி. நானே போட்டு, பாராட்டும் வாங்கிய விதி.

அடுத்த நொடி வேறொன்று உறைத்தது: பிரேக்குக்குப் பலம் கொடுப்பதே இன்ஜின்தான். “அண்ணே, பிரேக்கு?”

“மொத ரெண்டு மிதி பூப்போல இருக்கும். அப்புறம் கல்லாயிரும். வளைவு வர்றதுக்குள்ள ஒருக்கா சாவியப் போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கிருவேன். இருவத்தஞ்சு வருசமா எறங்குறேன், பயப்படாதீங்க.”

பயப்படாமல் என்ன செய்வது? பின்னால் முட்டைகோசு மூட்டைகள், முன்னால் வளைவு, எதிரே பழனிக்குப் போய்த் திரும்புகிற ஜனம் நிறைந்த பஸ். “சாவியப் போடுங்கண்ணே! இப்பவே போடுங்க!” என்று கத்திவிட்டேன். ஒரு கஸ்டமர் வண்டியில் நான் கத்தியது அன்றுதான் முதல் தடவை.

5. “ஒயரு லூசுன்னு எழுதிருங்க”

அகலமான ஓர் இடத்தில் ஓரங்கட்டினார். போனைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன்.

“அப்ப நான் டீசலை மிச்சம் பிடிக்கப் பிடிக்க, திருடன் கணக்குல ஏறிக்கிட்டே போயிருக்கேன்?”

“ஆமாண்ணே.”

“மைலேஜு கொறையுதுன்னு மொதலாளியம்மா ஏசுனாங்க. அதனால இன்னும் கூடக் கூட ஆஃப் பண்ணி உருட்டுனேன். மின்ன எல்லாம் இம்புட்டுத் தூரம் உருட்ட மாட்டேன் மேடம்.”

நான் போட்ட ஒரு செட்டிங், ஒரு யோக்கியமான மனுஷனைத் திருடனாக்கி, அந்தப் பேரைத் துடைக்க அவரை இன்னும் ஆபத்தான ஓட்டத்துக்குத் தள்ளியிருக்கிறது.

அவர்தான் முதலில் வழி சொன்னார். “ஒயரு லூசா கெடந்துச்சுன்னு எழுதிருங்க. எனக்கும் சோலி நிக்கும், ஒங்களுக்கும் பேரு கெடாது. இஞ்சின ஆஃப் பண்ணித்தான் எறங்குனேன்னு தெரிஞ்சா அந்தம்மா என்னைய வண்டிப் பக்கமே விடாது.”

ஆசையாகத்தான் இருந்தது. யாரும் சரிபார்க்க முடியாத பொய். என் தப்பும் அதற்குள்ளேயே புதைந்துவிடும். ஐந்து நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

“ஒயர் லூசுன்னு எழுதுனா நாளைக்கும் உருட்டுவீங்கண்ணே” என்றேன்.

அவர் மறுக்கவில்லை. “வேல போனாலும் போகுது. திருடன்ங்கிற பேரோட போகக் கூடாது. அத மட்டும் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு, சாவியைப் போட்டு, கியரிலேயே மலையிறங்கினார்.

6. கன்னிவாடி

வெள்ளிக்கிழமை அக்காவின் ஷெட்டில் மூவரும் உட்கார்ந்தோம். நான் ஒளிக்காமல் சொன்னேன்.

“அப்ப மூணு மாசமா எங்கண்ணனத் திருடனாக்குனது நீ போட்ட செட்டிங்கா?”

“ஆமாக்கா.”

வாங்க வேண்டியதை வாங்கினேன். அதன் பிறகுதான் அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“லோடோட, இஞ்சின ஆஃப் பண்ணி, மலையெறங்குனீங்களா?”

“மைலேஜுக்காகத்தான் மொதலாளியம்மா.”

“டீசல் போனா வாங்கிக்கிரலாம்ணே. நீங்க பள்ளத்துக்குள்ள போனா ஒங்க வீட்டுல போய் நான் என்னன்னு சொல்லுவேன்? மைலேஜுக்காகச் செத்தாருன்னா?”

சத்தமாகத் தொடங்கிய அக்கா முடிக்கும்போது அழுதுவிட்டார். பிறகு போனை எடுத்து, திருடுறீங்களா என்று கேட்ட அதே குரூப்பில் தன் குரலிலேயே பேசிப் போட்டார்: “சவரிமுத்து அண்ணன் ஒரு சொட்டு டீசல் எடுக்கல. கேட்ட வாய் தப்பு. அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். இனிமே மைலேஜுக்குப் பேரு போடுறது கெடையாது.” அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாவி அவரிடமே இருந்தது, ஒரு நிபந்தனையோடு. ஒரு வாரம் கியரிலேயே இறங்க வேண்டும். டேங்க்கை நிரப்பி, கூடுதலாக எவ்வளவு டீசல் போகிறது என்று பார்ப்பது. ஷெட்டில் ஸ்பேனரோடு நின்ற மெக்கானிக் அப்போதே சிரித்தார். “கியர்ல எறங்கயில ஆக்சிலேட்டர்ல கால வைக்கலேன்னா பம்பு டீசலே விடாது. சும்மா உருட்டுறதுல என்னத்த மிச்சமாகும்?” என்றார்.

அடுத்த வாரம் பங்கில் நிரப்பிப் பார்த்தோம். உருட்டிய வாரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு லிட்டருக்கும் கீழே.

சவரிமுத்து அண்ணன் பம்ப்பின் எண்ணைப் பார்த்தபடி நின்றார். “இதுக்கா மேடம் இருவத்தஞ்சு வருசம் உருட்டுனேன்?” என்றார்.

விதியை மாற்றினேன். சாவி ஆஃபில் இருந்தும் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் நகர்ந்தால் தூரத்தை எண்ணு, அலாரமும் அடி. எங்கள் கஸ்டமர்களின் மலை வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட்டேன். அன்று மாலைக்குள் பதினோரு வண்டிகளிலிருந்து அலாரம் வந்தது. ‘மர நிழல்’ என்று நான் எழுதி மூடிய கோடுகள் அத்தனையிலும் யாரோ ஒருவர் அணைந்த இன்ஜினோடு, கல்லாகிப்போன பிரேக்கோடு இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினோரு பேருக்கும் நான் போன் போட்டேன். “சரிங்க மேடம்” என்றார்கள். ஒருவரும் விடவில்லை, மறுநாளும் அலாரம் அடித்தது. கடைசியில் பட்டியலை சவரிமுத்து அண்ணனிடம் கொடுத்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு இறக்குகிற நேரத்தில் ஒவ்வொருவராகப் பிடித்திருக்கிறார். ஒருவரைப் பிடித்தபோது நானும் அங்கே இருந்தேன்.

“ஏலே, என்னைய ஊரே திருடன்னு சொல்லுச்சு, தெரியும்ல? அதுகூடப் போகுது. வாரத்துக்கு ஒரு லிட்டருகூட மிச்சமாகலடா. நான் கண்ணால பாத்தேன். ஒன் உசுரு ஒரு லிட்டருக்கும் கம்மியாலே?”

அந்த மாதக் கடைசியில் அலாரம் ஒன்றிரண்டாகக் குறைந்தது.

புதியவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எண் குறைந்தால், ஆளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் நாம் எதை எண்ண வேண்டாம் என்று சொல்லி வைத்தோம் என்று பாருங்கள். அப்படியும் பிடிபடவில்லை என்றால் அந்த வண்டியில் ஏறி உட்காருங்கள். ‘நிறுத்தம்’ என்று நம் ஆப் சொல்லும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள்.