பதினான்கு விநாடி நின்ற எழுத்து

என் கையெழுத்து சரிந்து சரிந்து போகும். எழுத்துப்பிழையும் நிறைய வரும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்பியூட்டரில் என்றால் எழுத்து நேராக நிற்கும். இது கொப்பியில் எழுதுவது. ஐந்தாம் வகுப்போடு எங்கள் ஊர் கிளிவெட்டியை விட்டு வெளிக்கிட்ட பிறகு எனக்கென்று நான் கொப்பி வாங்கியது இதுதான் முதல் தடவை.

உட்துறைமுக வீதியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். கலியாண வீடுகளில் லைற் பிடிக்கப் போனவன், பார்த்துப் பார்த்து எடிட்டிங் பழகினேன். இப்போது வீடியோக்களில் பெயர் போடுவது என் வேலை. ஆட்கள் எழுதித் தரும் துண்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடிப்பேன். அது எவ்வளவு நேரம் திரையில் நிற்கவேண்டும் என்பதற்கு எனக்கு ஓர் அளவு உண்டு: உதட்டுக்குள் இரண்டு தரம் வாசித்து முடியும்வரை. நான் வாசிப்பது எவ்வளவு மெதுவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தன் பெயர் கூடுதல் நேரம் நிற்கிறதென்று எந்த மணமகனும் வந்து சண்டை பிடித்ததில்லை.

கைவசம் நாலு கலியாண வீடியோ கிடந்த மாதத்தில்தான் சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். கம்பஸில் படம் எடுக்கப் படிக்கிறவள். சோதனைக்காக ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுத்திருந்தாள். அலுமினியப் பேசினில் மீன் சுமந்து விற்கும் தன் தாயைப் பற்றிய படம். இருந்த வேலையிலேயே எனக்கு முதுகு நிமிராது, கண் எரியும். மாட்டேன் என்று சொல்லவும் வாய் வராது.

“அங்கிள், இது கலியாண வீடியோ இல்ல. ரோசாப்பூ ஒண்டும் பறக்கக்கூடாது, இப்பவே சொல்லிப்போட்டன்” என்றாள்.

படத்தில் ஒருவரும் கதைப்பதில்லை. கடைசியில் கறுப்புத் திரையில் இரண்டு வரி மட்டும் வரவேண்டும்:

எங்கள் வீட்டில் அலாரம் இருக்கவில்லை.
விடியப்புறம் அம்மா மீன் பேசின் கழுவும் சத்தத்தில்தான் எழும்பிப் படித்தேன்.

“நான் டீச்சரா வரேல்ல எண்டு அம்மாக்குக் கோபம். ஒரு வருசமா என்னோட சரியாக் கதைக்கிறேல்ல. இதை வாசிச்சா மாறுவா” என்றாள்.

எழுத்துகள் மழைத்துளிபோல ஒவ்வொன்றாக விழவேண்டும், பிறகு கரையவேண்டும், எல்லாம் மூன்று விநாடிக்குள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி போனாலும் படத்தை ஏற்கமாட்டார்களாம். அந்த மென்பொருளுக்குத் தமிழ் பிடிபடாது. ‘பே’யின் கொம்பு முதலில் விழுந்து தனியே நிற்கும், ‘ப’ பின்னால் வந்து சேரும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிப் படமாக வெட்டி விழுத்தினேன். இரண்டு நாள் போனது.

“வாசிக்க நேரம் காணுமா அங்கிள்?”

“ஓம், காணும்” என்றேன். எனக்கு முதல் வரியே முடியவில்லை.

அடுத்த நாள் சந்தை முடிந்ததும் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் டவுனுக்குள் மான்கள் மாடுபோலத் திரியும்; வாசற்படியில் காலண்டர் தாள் தின்றுகொண்டு நின்ற ஒன்றை விலக்கிவிட்டு அந்த மனுசி உள்ளே வந்தார். “மீன் மணக்கும், தள்ளி இருக்கிறன்” என்று கதிரையின் விளிம்பில் இருந்தார்.

“உந்தச் சீலையோடயோ என்னை எடுத்தனீ? எனக்கு வேற சீலை இல்லாத மாதிரி.”

“பேசாமப் பாருங்கோ அம்மா.”

கடைசியில் எழுத்து விழுந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவரது வாயைப் பார்த்தேன். ‘எங்கள் வீட்டில்’ என்று உதடு அசைந்தது. அதற்குள் எல்லாம் கரைந்துவிட்டது. உதடு அப்படியே நின்றது.

“நல்லாருக்கு மகள். பஸ் போயிடும்” என்று எழும்பிப் போய்விட்டார்.

அந்த ‘நல்லாருக்கு’ எனக்குத் தெரியும். பாங்கிலும் ஆசுப்பத்திரியிலும் யாராவது ஒரு தாளை நீட்டி “சரிதானே?” என்று கேட்டால் நான் சொல்வதும் அதுதான்.

பிள்ளை கண்ணைத் துடைத்தாள். “பாத்தீங்களா அங்கிள்? அந்த வரியளப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்ல. அவ்வளவு வைராக்கியம்.”

அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல ஏலாது. அவர் மறைக்க விரும்பிய ஒன்றை நான் எப்படி எடுத்துச் சொல்வது? என் விசயம் மட்டுந்தான் என் கையில் இருந்தது.

“பிள்ளை, நேற்றுக் காணும் எண்டு சொன்னது பொய். எனக்கு அதை வாசிச்சு முடிக்க ஏலாமப் போச்சு.”

“பகிடி விடாதேங்கோ. நீங்கள்தானே அடிச்சனீங்கள்!”

“அடிக்கிறது பாத்துப் பாத்து. வாசிக்கிறது வேற. நான் அஞ்சாம் வகுப்பு, பிள்ளை.”

சொல்லிவிட்டு கீபோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தாய் போன பக்கம் பார்த்தாள்.

“அம்மா நாலாம் வகுப்பு” என்றாள். பிறகு, “உங்களுக்கு எத்தினை செக்கன் வேணும்?”

வாசித்துக் காட்டினேன். பதினான்கு. பதினொரு விநாடியை எங்கேயாவது வெட்டவேண்டும். துறைமுகத்துக்குள் கப்பல் ஒன்று திரும்பும் காட்சி இருந்தது. அதற்காக மூன்று விடியற்காலை காத்திருந்தாளாம். அதைத் தானே வெட்டினாள். நான் என் மழைத்துளிகளை அழித்தேன். கவலைப்படக்கூடத் தெம்பு இருக்கவில்லை. இரண்டு வரியும் அசையாமல் நிற்கட்டும் என்று விட்டோம்.

மறுநாள் தாயைக் கெஞ்சித்தான் கூட்டிவந்தாள். எழுத்து வந்தது. உதடு அசைந்தது, நின்றது, ‘பேசின்’ என்ற சொல்லுக்குத் திரும்பிப் போனது, பிறகு கடைசிவரை போனது. அதன்பின்னும் எழுத்து கொஞ்சம் நின்றது.

அவர் மகளிடம் திரும்பினார்.

“அப்ப நீ நித்திரை இல்லையோடி? நான் உன்னை எழுப்பக்கூடாதெண்டு சத்தமில்லாமத்தானே கழுவினனான்.”

“சத்தமில்லாமலோ? சல்லி முழுக்க எழும்பும் அம்மா!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் மற்றக் கலியாணத்தைத் திறந்து மணமகள் பெயரை அடிக்கத் தொடங்கினேன். அவர்கள் கதைத்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்கள்.

அன்று பின்னேரம்தான் இந்தக் கொப்பியை வாங்கினேன். இதை எழுத எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது. இன்று தை மாதம் பதினெட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.